வெறுங்கால் கதையும் வரலாற்று உண்மையும்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரு கேள்வி எழுவது வழக்கம். சேவுகம்பட்டியிலும் வத்தலக்குண்டிலும் நள்ளிரவு கடந்து தொலைக்காட்சியின் முன் விழித்திருக்கும் நாம் பிரேசிலின் முன்கள வீரர்களை அலசுகிறோம். அர்ஜென்டினாவின் தற்காப்பைக் குறை கூறுகிறோம். ஜெர்மனியின் ஆட்ட ஒழுங்கை வியக்கிறோம். அப்போது நம்மருகில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவன், "நம் நாடு ஏன் ஆடவில்லை?" என்று கேட்கிறான். நாமும் தயங்காமல் விடை சொல்கிறோம்: "1950-ஆம் ஆண்டில் நமக்கு இடம் கிடைத்தது. ஆனால் நம் வீரர்கள் வெறுங்காலுடன் ஆடுவார்கள். பூட்ஸ் அணியாமல் ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நாம் போகவில்லை."

கேட்பதற்கு உருக்கமான கதை. ஏழை நாடு, எளிய வீரர்கள், இரக்கமற்ற விதி என்று கதைக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. அதில் இல்லாதது உண்மை ஒன்றுதான்.

1950-இல் நடந்தது என்ன? இரண்டாம் உலகப் போரால் பன்னிரண்டு ஆண்டுகள் தடைபட்டிருந்த உலகக் கோப்பை, அவ்வாண்டு ஜூன் மாதம் பிரேசிலில் மீண்டும் தொடங்கவிருந்தது. தகுதிச் சுற்றில் நம்முடன் மோதவேண்டிய ஆசிய நாடுகள் விலகிக்கொண்டதால், ஓர் ஆட்டமும் ஆடாமலேயே இந்தியா தகுதி பெற்றது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய நாடுகள் இருந்த பிரிவில் நமக்கு இடமும் ஒதுக்கப்பட்டது. பயணச் செலவின் பெரும்பகுதியை ஏற்கப் போட்டியை நடத்தியவர்கள் முன்வந்தனர். ஆயினும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அணியை அனுப்பவில்லை. அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய காலமின்மை என்பனவே அது கூறிய காரணங்கள். அந்நாளில் நம் விளையாட்டு நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக் ஒன்றே பெரிதாகத் தோன்றியது. உலகக் கோப்பையின் மதிப்பை அவர்கள் உணரவில்லை. அணிக்குத் தலைமை ஏற்றிருக்க வேண்டிய சைலேன் மன்னாவே, பூட்ஸ் காரணமன்று என்று பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள். 1950-இல் வெறுங்கால் ஒரு தடையாக இருந்திருப்பின், இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த ஒலிம்பிக்கில் அது எவ்வாறு அனுமதிக்கப்பட்டது? இக்கேள்வியின் முன் வெறுங்கால் கதை நிற்க இயலாது.

அப்படியாயின் அக்கதை பிறந்தது எங்ஙனம்? அதற்கு 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கை நினைவுகூர வேண்டும். விடுதலை பெற்று ஓராண்டு நிறையாத நாடு, அவ்வாண்டு ஜூலை 31 அன்று இலண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சு அணியைச் சந்தித்தது. நாகா இனத்தைச் சேர்ந்த தாலிமெரென் ஆவ் நம் அணித்தலைவர். நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களமிறங்கினர். முதலில் பிரான்சு ஒரு கோல் அடித்தது. தென்னகத்து வீரரான சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோல் அதுவே. கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளையும் நம் அணி வீணாக்கியது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. "நாங்கள் ஆடுவது கால்பந்து, நீங்கள் ஆடுவதோ காலணிப் பந்து" என்று நம் அணித்தலைவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. இலண்டன் மக்கள் அந்த வெறுங்கால்களைக் கண்டு வியந்தது உண்மை. அந்த வியப்பே பின்னாளில் வளர்ந்து, பிரேசிலுக்குப் போகாமைக்கான காரணமாக மாறிவிட்டது என்பது நமது கணிப்பு.

"கதை பொய்யாயினும் அதில் ஏழையின் பெருமை இருக்கிறதே, அதை ஏன் கெடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். ஏழையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இல்ஃபோர்டு மைதானத்தில் பூட்ஸ் அணிந்த எதிரியோடு கடைசி நிமிடம் வரை போராடிய கால்களில் அது இருக்கிறது. அனுப்ப மறுத்தவர்களின் பொறுப்பை மறைக்க அக்கால்களையே காரணம் காட்டும் கதையில் அது இல்லை. நிர்வாகிகள் எடுத்த முடிவின் பழியை நாம் வீரர்களின் பாதங்களில் சுமத்தி வந்திருக்கிறோம். இந்த அநீதி முக்கால் நூற்றாண்டாகத் தொடர்வதுதான் வேதனை.

கதையை நம்புவதால் விளையும் இன்னொரு கேடும் உண்டு. அது 1950-க்குப் பிறகு நடந்தவற்றை மறைத்துவிடுகிறது. நம் கால்பந்து வரலாற்றின் சிறந்த பக்கங்கள் அதன் பின்னரே எழுதப்பட்டன.

1951 மார்ச்சில் புது தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒற்றைக் கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அப்பெருமிதம் ஓராண்டுதான் நீடித்தது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று வீழ்த்தியது. குளிர் நாட்டின் மண்ணில், வலிமை மிக்க ஐரோப்பிய அணிக்கு எதிரே, வெறுங்காலின் இலாவகம் கை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகே பூட்ஸ் அணிவது நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. ஆக, பூட்ஸ் பற்றிய பாடத்தை நமக்குக் கற்பித்தது நாம் ஆடித் தோற்ற ஆட்டம். ஆடாமல் விட்ட ஆட்டமன்று. நாம் ஆடாமல் விட்ட பிரிவிலும் எதிர்பாராதது நடந்தது. நடப்புச் சாம்பியனான இத்தாலியைச் சுவீடன் 3-2 என்று வென்று, அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. சென்றிருந்தால் நாம் வென்றிருப்போம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கற்றிருப்போம், இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே கற்றிருப்போம்.

பூட்ஸ் மட்டும் ஓர் அணியை உயர்த்திவிடாது. அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் அத்தகையவர். அவர் உண்மையிலேயே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஐதராபாத் நகரக் காவல்துறை அணியை உருவாக்கி, பின்னர் இந்திய அணியையும் பயிற்றுவித்தார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏமாற்றி ஓடுவதுதான் அந்நாளில் இரசிகர்கள் கைதட்டிய ஆட்டம். ரகீம் அதற்கு மாறாக, பந்தைத் தனியே கொண்டு ஓடக்கூடாது என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்றும் போட்டிகள் வைத்தார். ஒருவன் தன் திறமையைக் காட்டுவதைவிட, பக்கத்தில் நிற்பவனை நம்பிப் பந்தை ஒப்படைப்பது உயர்ந்தது என்பதே அவர் கற்பித்த பாடம்.

வியூகத்திலும் அவர் காலத்தை முந்தினார். பின்களத்தில் மூவரை நிறுத்தும் பழைய முறை எங்கும் வழக்கிலிருந்தபோது, பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர் என்ற 4-2-4 முறையை நம் அணிக்குப் பழக்கினார். பிரேசில் 1958 உலகக் கோப்பையை வென்று உலகறியச் செய்த முறை அது. இம்முறையில் நடுக்களத்து இருவரின் உழைப்பு மிகக் கடுமையானது. ஏறினால் தாக்குதலுக்குத் துணை. இறங்கினால் தற்காப்புக்குத் துணை. இன்று தொலைக்காட்சியில் நாம் வியந்து பேசும் வியூகங்களுக்கெல்லாம் அடிப்படையான இக்கருத்தை, கரும்பலகையின் முன் நின்று பழகிய ஒரு மனிதர் அன்றே நம் வீரர்களுக்கு விளக்கியிருக்கிறார்.

பலன் விரைவில் கிடைத்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு அடித்தது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை நாமே அடித்தும், 4-1 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். நேர்மையாகச் சொல்வதானால், அவ்வாண்டு போட்டியிட்டவை பதினொரு நாடுகளே. ஹங்கேரி வராததால் நம் முதல் ஆட்டமும் ஆடாமலேயே வெற்றியாயிற்று. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதைகளைக் கைவிடச் சொல்லும் நாம் நமக்குச் சாதகமான இன்னொரு கதையைப் புனையலாகாது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய அதே எதிரிக்கு எதிரே முதல் கோல் அடிக்கும் அளவுக்கு ஓர் அணி உயர்ந்தது என்பது சிறிய செய்தியன்று.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். ஹங்கேரியிடம் 2-1 என்ற ஒரு கோல் வேறுபாட்டில்தான் தோற்றோம். அந்த அணியில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்ற முன்கள மூவர் புகழ்பெற்றிருந்தனர். பானர்ஜியின் வேகத்தையும் கோஸ்வாமியின் நளினத்தையும் பலர் பாடியிருக்கின்றனர். மூவருள் முழுமையானவர் பலராம் என்பது நமது எண்ணம். சிக்கந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த அவர், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அந்த இடத்தின் கடமையை அறிந்து ஆடியவர். 2023-இல் அவர் மறைந்தபோது தமிழகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இவை அனைத்திற்கும் சிகரம் 1962 ஜகார்த்தா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய விளையாட்டுத் தலைவரான சோந்தி கண்டித்ததால், அந்நகர மக்கள் நம்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தனர். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நிறைந்த அரங்கில் நம் அணிக்கு ஏச்சும் கூச்சலுமே வரவேற்பாயின. பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் நமக்காகக் குரல் கொடுத்தார்கள் என்று நம் வீரர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர். முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்றிருந்த தென்கொரியாவே செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்திலும் எதிரி. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் என்ற பின்கள வீரரை ரகீம் முன்களத்திற்கு மாற்றியிருந்தார். பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று தங்கம் நமதாயிற்று.

அந்த ஆட்டத்தில் கோல் காப்பாளராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடி வளர்ந்தவர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் தூரந்து கோப்பையை வென்றது. தொடக்கத்தில் முன்கள வீரராக இருந்து, பின்னர் கோல் காக்க வந்தவர் அவர். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் என்று போற்றப்பட்டார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-இல் பொக்காரோவில் மறைந்தார். வெளிநாட்டுக் கோல் காப்பாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நம் இளைஞருள் எத்தனை பேருக்குத் தங்கராஜைத் தெரியும்?

ஜகார்த்தா வெற்றியின்போதே புற்றுநோயால் நலிந்திருந்த ரகீம் 1963 ஜூனில் காலமானார். அதன் பின் ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணிக்குத் தங்கம் கிட்டவில்லை. 1970-இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலமே கடைசிப் பதக்கம். 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இடம் பெறவும் இல்லை. ரகீமைப் பற்றி 2024-இல் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் வந்த பிறகே பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டனர். ஓர் ஆசிரியரை நாடு அறுபது ஆண்டுகள் மறந்திருந்தது. ஒரு வெறுங்கால் கதையை மட்டும் மறக்காமல் காத்து வந்தது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றனர். நமக்கு அண்டையிலுள்ள மதுரையின் சேது அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது. வசதிகள் பெருகிய பின் வென்றவர்களல்லர் இவர்கள். பயிற்சியும் வாய்ப்பும் கிடைத்தபோது, சென்று ஆடி வென்றவர்கள்.

ஆகவே, "நம் நாடு ஏன் ஆடவில்லை?" என்று இனி ஒரு சிறுவன் கேட்டால், உண்மையையே சொல்வோம். அழைப்பு வந்தது, அதன் அருமையை அறியாதவர்கள் போக விடவில்லை என்று சொல்வோம். பத்துக் கோல் வாங்கியவர்கள் பத்தே ஆண்டுகளில் ஆசியாவின் தங்கத்தை வென்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். பொய்க் கதை அவனுக்கு ஓர் ஆறுதலைத் தரும். உண்மை வரலாறோ அவனை மைதானத்திற்கு அனுப்பும்.