கொல்லிமலையின் கரும்பறவை: ஒரு பெயரின் வரலாறு

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, 70 கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் நினைவுக்கு வரும். அங்கே வாழும் ஒரு கருநிறப் பறவையைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? காகமும் இல்லை, குயிலும் இல்லை. கிட்டத்தட்ட மைனா அளவு. ஆண் பறவை கருஞ்சாம்பல் நிறம். அலகும் கண் வளையமும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். ஆங்கிலத்தில் 'பிளாக்பேர்டு' என்பார்கள். நாம் கரும்பறவை என்றே சொல்வோம்.

முதலில் இதன் பெயர்க் கதை. 1758-ல் லின்னேயஸ் ஐரோப்பியக் கரும்பறவைக்கு 'டர்டஸ் மெருலா' என்று பெயர் வைத்தார். 1839-ல், சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான் தென்னிந்தியப் பறவையை விவரித்தார். அவர் தந்த பெயர்தான் இன்றைய 'சிமில்லிமஸ்'. லத்தீனில் இதற்கு 'மிகவும் ஒத்தது' என்று பொருள். ஐரோப்பியப் பறவையைப் போலவே இருக்கிறதாம்! பெயரிலேயே இரவல் அடையாளம்.

1929-30-ல் வெர்னே ஆய்வுக்குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகளைச் சேகரித்தது. 1932-ல் விஸ்லரும் கின்னியரும் இம்மலைத்தொடரின் கரும்பறவைக்கு 'ஸ்பென்சி' என்று துணையினப் பெயர் தந்தார்கள். ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டில் இவை எல்லாம் ஐரோப்பிய இனத்தின் கிளைகளாகவே எண்ணப்பட்டன. சாலிம் அலியும் ரிப்ளியும் எழுதிய 10 தொகுதிக் கையேடும் அப்படித்தான் சொன்னது. 2000-க்குப் பின் வந்த மரபணு ஆய்வுகள்தான் இரண்டும் நெருங்கிய உறவே இல்லை என்று காட்டின. இன்று இது இந்தியக் கரும்பறவை என்ற தனி இனம்.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஐரோப்பாவிலிருந்து பரவிக் கிடந்த பறவை என்ற எண்ணம் போய், இதன் வீடு இந்தியாவும் இலங்கையும் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை இன்றும் 'தீவாய்ப்பு குறைந்த இனம்' என்றே பட்டியலிடுகிறது. அது சரிதான். ஆனால் அது மொத்த இனத்துக்கான கணக்கு. ஒரு மலையின் நிலையை அது சொல்லாது.

கொல்லிமலை சுமார் 280 சதுர கிலோமீட்டர், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். சுற்றிலும் வறண்ட சமவெளி. கரும்பறவைக்கு வேண்டியது மர நிழலும் ஈரமான சருகுத் தரையும். சருகைக் கிளறித்தான் புழு பூச்சிகளைப் பிடிக்கும், பழங்களும் தின்னும். மலையில் சாமை, தினை விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது ஜவ்வரிசி ஆலைகளுக்கான குச்சிக்கிழங்கு நிற்கிறது. அந்த வெட்டவெளியில் இதற்கு இடமில்லை. ஆனால் மர நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் சருகு உண்டு, மிளகுக்கொடி ஏறிய மரமும் உண்டு. பள்ளத்தாக்குச் சோலைகளும் கோயில் காடுகளும் மிச்சமிருக்கின்றன.

ஆகவே இந்தப் பறவையைக் காக்கப் பெரிய திட்டம் தேவையில்லை. நிழல் மரங்களை வெட்டாமல், சோலைகளைத் தொடாமல் விட்டாலே போதும். சொந்தப் பெயர் கிடைக்கவே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சொந்த மலையாவது அதற்கு நிலைக்கட்டும்!