நின்ற கடிகாரமும் நெடிய வரலாறும்

என் தந்தையார் ரயில்வேயில் கார்டாகப் பணியாற்றியவர். 1976ஆம் ஆண்டில் அவர் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம், அவர் மறைவுக்குப் பின் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் மேல், ஒலிபெருக்கியை ஒட்டிப் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. சென்ற ஆண்டு அவரது நினைவு நாளன்று அதை எடுத்துச் சாவி கொடுத்தேன், ஓடவில்லை. குலுக்கினால் பத்துத் துடிப்பு, பின்னர் மௌனம். நிலைய வாயிலில் கடிகாரம் பழுது பார்த்து வந்த முதியவரோ கடையை மூடிவிட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாவாகிய நான் இத்தொழிலை அறியேன். ஆயினும் கண்வில்லை, சிறு திருப்புளி, இடுக்கி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு அமர்ந்தேன். பழுதைத் தேடிச் சென்ற வழியெல்லாம் வரலாறு எதிர்ப்பட்டது. அதனையே நம் காலனி அன்பர்கள் முன் வைக்கிறேன்.

“சாவி அதிகம் கொடுத்ததனால் நின்றுவிட்டது” என்றே பலரும் கூறினர். இது தவறான கருத்து. முழுவதும் சுருண்ட வில்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. அப்படியும் ஓடவில்லையெனில் குற்றம் வேறிடத்தில் உள்ளது. தொங்கும் எடைக்குப் பதிலாகச் சுருள்வில்லால் ஓடும் கடிகாரங்கள் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் தோன்றின. அவ்வில் இல்லையேல் கடிகாரம் சுவரைவிட்டு இறங்கி மனிதன் சட்டைப்பைக்குள் புகுந்திராது. சாவித்தலையை விரல்களால் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைத் தடுக்கும் சிறு கொக்கியை விலக்கினேன். தலை மெல்லப் பின்னோக்கிச் சுழன்றது. வில் ஒடியவில்லை. (உட்பாகங்களைக் கழற்றுமுன் இவ்வாறு விசையை இறக்கிவிடுதல் வேண்டும்; தவறினால் சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று அச்சுமுனைகள் முறியும்.)

அடுத்து, இப்புறமும் அப்புறமும் ஊசலாடும் பாலன்ஸ் சக்கரத்தின்மீது ரப்பர் குமிழால் காற்றை ஊதினேன். தடையின்றி அசைந்தது. அதன் நடுவிலுள்ள மயிரிழை போன்ற சுருளை ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1675இல் அமைத்தார். அதற்கு முன் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிழைத்தாலும் அது நல்ல கடிகாரமே. அதன் பின்னர் பிழை சில நிமிடங்களாகக் குறைந்தது.

வில்லும் நன்று, பாலன்ஸும் நன்று எனில், நோய் இடையில்தான். நின்று நின்று ஓடும் இந்த நோய் எளிதானதன்று. முற்றிலும் நின்ற கடிகாரத்தை எவனும் நம்பமாட்டான். சற்றே நின்று மீண்டும் ஓடுவதுதான் ஆளைக் கெடுப்பது என்று தந்தையார் கூறுவதுண்டு. 1891 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்துக் கிப்டன் என்னுமிடத்தில், அஞ்சல் வண்டியும் பயணிகள் வண்டியும் மோதி உயிர்கள் மாண்டன. ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று பின் தானே ஓடியதே காரணம் எனக் கூறப்படுகிறது. அதன் பின் கிளீவ்லாந்து நகரக் கடிகார வணிகர் வெப் பால் என்பவர் ரயில்வேக் கடிகாரங்களுக்கு விதிகள் வகுத்தார். குறைந்தது 17 கற்கள் வேண்டும். பிழை வாரத்திற்கு 30 விநாடியை விஞ்சலாகாது. இருபதினாயிரம் விநாடிக்கு ஒரு விநாடி! கோப்புகளில் நாம் செய்யும் பிழைகளை எண்ணி நாணினேன்.

கடிகாரம் சரியாக ஓடினால் போதாது. எல்லோருக்கும் ஒரே நேரம் வேண்டுமன்றோ? நம் நாட்டு ரயில்வேக்கள் முன்னாளில் சென்னை நேரத்தையே பின்பற்றின. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் விண்மீன்களைக் கண்டு கணித்த நேரம் தந்தி வழியே ஊர்தோறும் சென்றது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தபோது, அது சென்னை நேரத்தினும் சுமார் ஒன்பது நிமிடம் முந்தியிருந்தது.

தந்தையாரின் கடிகாரத்திலும் 17 கற்கள்தாம். அச்சுமுனைகள் தேயாதிருக்கத் துளையிட்ட மாணிக்கக் கல்லைப் பதிக்கும் கலைக்கு 1704இல் லண்டனில் உரிமை பெற்றனர். கண்வில்லை வழியே அக்கற்களை நோக்கினேன். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. குற்றம் செய்தவர் கடிகாரம் செய்தோர் அல்லர். எடுத்துப் பாராமல் விட்ட நாங்களே. நங்கூர வடிவான நெம்புகோலும் (ஏறத்தாழ 1755இல் ஆங்கிலேயர் தாமஸ் மட்ஜ் கண்டது இது) பிசினில் சிக்கியிருந்தது. யாவற்றையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவினேன். ஒரு திருகு இடுக்கியிலிருந்து பறந்து மறைந்தது. மறுநாள் கூட்டும்போது என் மனைவி கண்டெடுத்தாள். கற்களில் மட்டும் துளியினும் சிறு துளியாக எண்ணெய் இட்டேன். பல்சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் கூடாது.

ஓடிற்று! ஆனால் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடிற்று. திசைகாட்டியை அருகில் வைத்தேன்; அதன் முள் நடுங்கியது. ஒலிபெருக்கியின் காந்தம் ஏறி, மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சுருள் குறுகினால் துடிப்பு விரையும். மின்பகுதி நண்பர் ஒருவர் மாறுமின்னோட்டக் கம்பிச்சுருளுள் கடிகாரத்தை வைத்து, மெல்ல வெளியே இழுத்துக் காந்தத்தை நீக்கித் தந்தார்.

ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவு செய்தது. எனவே இனி ஏதேனும் உறுப்பு முறிந்தால் மற்றொரு பழைய கடிகாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இப்போது அது மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. நாளுக்கு ஒன்றரை நிமிடம் முந்துகிறது. வெப் பால் ஏற்கமாட்டார். நாள்தோறும் காலையில் என் மகள் சுற்றுகளை எண்ணி அதற்குச் சாவி கொடுக்கிறாள். நான் அலுவலகம் சென்றதும் நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு முள்ளைத் திருத்துகிறேன்.