உழவர் பயிற்சியும் கற்றல் கோட்பாடுகளும்: பெரம்பலூர், அரியலூர்

உழவர்களுக்கு நடத்தும் எந்தப் பயிற்சிக்குள்ளும், மனிதர் எப்படிக் கற்கிறார் என்பது பற்றிய ஓர் ஊகம் ஒளிந்திருக்கும். அமைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் கூட்டிப் பேசி அனுப்பினால், சொன்னாலே மனம் வாங்கிக்கொள்ளும் என்பது ஊகம். திடல் போட்டுக் காட்டினால், பார்த்துச் செய்வதே கல்வி என்பது ஊகம். ஒரு பருவம் முழுக்க வாரந்தோறும் அதே வயலுக்கு அழைத்தால், தானே கவனித்து முடிவெடுப்பவர்தான் கற்றவர் என்பது ஊகம். 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், 2007-இல் மீண்டும் தனி மாவட்டமான அரியலூரும் இந்த ஊகங்களை உரசிப் பார்க்க நல்ல இடங்கள். பெரம்பலூரின் கரிசலில் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூரில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடு, திருமானூர் பக்கம் நெல். ஒவ்வொரு பயிரும் கேட்கும் அறிவு வேறு வகையானது. ஆகவே எந்தக் கோட்பாடு உயர்ந்தது என்ற கேள்வியைவிட, கற்க வேண்டிய பொருள் எத்தகையது, அதற்கு எந்தக் கோட்பாடு பொருந்தும் என்ற கேள்வியே பயிற்சி அமைப்பவருக்கு உதவும்.

பசுமைப் புரட்சிக் காலப் பயிற்சி, சொல்வதையே கல்வியாகக் கொண்டது. துறைக்காரர்கள் 'டி அண்ட் வி' என்று சொல்லும் பயிற்சி-பார்வை முறையை டேனியல் பெனோர் வகுக்க, உலக வங்கி 1970-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. களப்பணியாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்த நாளில் ஊருக்கு வருவார். தேர்ந்தெடுத்த முன்னோடி உழவர்களிடம் அந்தப் பட்டத்துக்கான பரிந்துரையைச் சொல்வார். அது அவர்கள் மூலம் மற்றவர்களுக்குப் பரவும். எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் எழுதிய புதுமைப் பரவல் கோட்பாட்டின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. புது ரகம், உர அளவு போன்ற செய்திகளுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. இதற்கு இணையாக, செய்து கற்றலை அடிப்படையாகக் கொண்டு வேளாண் அறிவியல் மையங்கள் வந்தன. நாட்டின் முதல் மையம் 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் மையமும், அரியலூருக்குச் சோழமாதேவியில் கிரீடு மையமும் இருக்கின்றன. உழவரின் சொந்த நிலத்திலேயே புது முறையையும் பழைய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் முதல்நிலைச் செயல்விளக்கத் திடல் இவற்றின் முக்கியக் கருவி.

சொல்வதற்கும் காட்டுவதற்கும் உள்ள எல்லை எங்கே என்பதைப் படைப்புழு காட்டிக்கொடுத்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான அது 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்டது; அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்துவிட்டது. இதற்கான பரிந்துரைகளில் பாதி, சொன்னால் போதுமானவை: கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதைநேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ. மறுபாதி அப்படியல்ல. மருந்தடிக்கலாமா, எப்போது அடிப்பது என்பதை உழவரே வயலில் நின்று முடிவுசெய்ய வேண்டும். காலையில் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் இருபது செடியின் குருத்தை விரித்துப் பார்க்க வேண்டும். இலையில் சுரண்டிய வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தால் புழு சிறிது, மருந்துக்குக் கேட்கும். குருத்துக்குள் மரத்தூள் போல் எச்சம் அடைத்துக் கிடந்தால் புழு முற்றிவிட்டது. அடைப்புக்குக் கீழே இருக்கும் அதற்கு மருந்து எட்டாது. எத்தனை செடியில் சேதம் என்ற வரம்பும் பயிரின் வயதுக்கேற்ப மாறும். இது தகவல் அல்ல, தீர்மானம். துண்டறிக்கையில் அச்சடிக்கலாம், அச்சடித்ததால் யாருக்கும் கை வந்துவிடாது. டேவிட் கோல்ப் 1984-இல் விவரித்த சுழற்சி, அதாவது பட்டறிவு, அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து பொதுவிதி, மறுபடி சோதனை என்பது, இங்கேதான் உண்மையிலேயே பொருந்துகிறது. உழவர் வயல்வெளிப் பள்ளி அதற்கென்றே அமைந்த வடிவம். 1989-இல் இந்தோனேசிய நெல் வயல்களில் புகையானைச் சமாளிக்கப் பிறந்த அந்தப் பள்ளியில், உழவர்கள் வாரந்தோறும் வயலைப் பார்த்துப் படமாக வரைந்து, தங்களுக்குள் வாதாடி, அந்த வார முடிவை எடுத்தார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வயல்வெளிப் பள்ளிக்குச் செலவு அதிகம். கற்றதோ அடுத்த வரப்பைத் தாண்டுவதில்லை. ஃபெடர், முர்கை, கிசோன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தோனேசியாவில் விளைச்சலிலும் மருந்துப் பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. இலங்கையில் ட்ரிப், விஜேரத்ன, பியதாச 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் பயின்றவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்திருந்தார்கள். ஆனால் பக்கத்து வயல்காரருக்கு அது பரவியதற்கான தடயம் சொற்பம். இந்த முடிவுகளை மறைக்கத் தேவையில்லை. உற்றுப் பார்த்தால் அவை நம் வாதத்துக்கே துணை நிற்கின்றன. விதை ரகத்தின் பெயர் டீக்கடையில் பரவும். குருத்தை விரித்துப் படிக்கும் கண் டீக்கடையில் பரவாது. பரவாத அறிவை, பரவும் என்று கணக்குப் போட்டு முன்னோடி உழவர் ஒருவரிடம் ஒப்படைப்பதுதான் வடிவமைப்பின் பிழை. ஊரில் எத்தனை பேர் அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டுமோ அத்தனை பேருக்கும் செலவு செய்ய மனமிருந்தால் வயல்வெளிப் பள்ளி நடத்தலாம். இல்லையென்றால் தீர்மானமே தேவைப்படாத எளிய விதி ஒன்றைத் தேடிக் கொடுப்பது நேர்மை.

இன்னொரு மறுப்பு உளவியலாளர்களிடமிருந்து வருகிறது. வழிகாட்டாமல் தானே கண்டுபிடிக்க விடுவது புதியவரின் நினைவாற்றலைத் திணறடிக்கும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006-இல் வாதிட்டார்கள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முப்பது வருடம் காடு பார்த்தவரும் 2018-இல் படைப்புழுவுக்குப் புதியவரே. தலையில் தலைகீழாக நிற்கும் ஒய் வடிவக் கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி என்று அடையாளத்தை நேராகச் சொல்லிவிடுவதே முறை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு வாரத்தை வீணடிப்பது கோட்பாட்டின் மேல் உள்ள பக்தி மட்டுமே. அடையாளத்தைச் சொல்லி, அளவிடுவதைச் செய்துகாட்டி, தீர்மானத்தை மட்டும் கற்பவரிடம் விடலாம்.

மருந்தடிக்கும் பாதுகாப்பு முற்றிலும் வேறு வகை. 2017-இன் இறுதியில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் நச்சேறி இறந்த செய்திகள் வந்தன. மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் அதே பருவத்தில் அதே துயரம். காற்று எதிரே வந்தால் அடிக்கக் கூடாது, முகக்கவசம் போட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. கையுறையும் கவசமும் வெயிலில் வேகவைக்கும். அதன் பலனோ கண்ணுக்குத் தெரியாது. உடனடி விளைவுதான் பழக்கத்தை உருவாக்கும் என்ற ஸ்கின்னரின் பார்வை, பழசாகிவிட்டது என்று பலர் ஒதுக்கும் அதே பார்வை, இங்கே கைகொடுக்கிறது. கூட்டத்தில் இன்னொரு உரையை நிகழ்த்துவதைவிட, வெயிலுக்குத் தாங்கும் கவசத்தைக் கடையிலேயே மருந்தோடு கிடைக்கச் செய்வதும், அடிக்கும் ஆளை அதைப் போடவைத்துப் பலமுறை பழக்குவதும் பயன்தரும். முந்திரிக் கவாத்தோ கைத்திறன். எந்தக் கிளையை எந்த இடத்தில் வெட்டுவது என்பதைத் தேர்ந்தவர் வெட்டப் பார்த்து, அவர் பக்கத்தில் நிற்க நாமும் வெட்டினால்தான் வரும். பந்துரா 1977-இல் சொன்ன பார்த்துக் கற்றலுக்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

வயதுவந்தோர் கற்கும் விதமே தனி என்ற மால்கம் நோல்ஸின் கருத்து எல்லாப் பயிற்றுநர் கையேட்டிலும் இடம்பெற்றுவிட்டது. அதில் உறுதியாக நிற்பது, ஆசுபெல் 1968-இல் வலியுறுத்திய பழைய செய்திதான்: கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கு. சின்ன வெங்காயத்தில் தாள் முறுக்கிக்கொண்டு வளரும் நோயைப் புத்தகம் திருகல் நோய் என்கிறது, உழவர் கோழிக்கால் என்கிறார். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு கவனிப்பு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கும் பயிற்றுநர் தன் வேலையைத் தானே கடினமாக்கிக்கொள்கிறார்.

2018-இல் வந்த உழவன் செயலியும் ஊர்தோறும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களும் சொல்லும் வேலையை மலிவாக்கியிருக்கின்றன. விலை, வானிலை, மானியம் எல்லாம் இனிக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். புழுவின் படத்தை அனுப்பினால் பெயரும் வந்துவிடும். இருபது செடியில் எத்தனையில் இருந்தது என்று மறுமுனையில் உள்ளவர் திருப்பிக் கேட்கும்போது, செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி காட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும்.