நேரம் சுமந்த பெண்கள்

கணினிகள் ஒன்றையொன்று பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் கதையை எழுதுபவர்கள் வழக்கமாக 1985இல் தொடங்குவார்கள். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் மில்ஸ் நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்டிபி, என்ற முறையை வெளியிட்ட ஆண்டு அது. அவருக்குரிய பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. சர்வர்களைப் பராமரித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்; அவர் தந்த முறை இல்லாமல் என் வேலை ஒரு நாள்கூட நடக்காது. ஆனாலும் இந்தக் கதையை நான் 1836இல், லண்டனில் தொடங்க விரும்புகிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிகாரமும் தனியாக விட்டால் தப்பாகத்தான் ஓடும். சர்வருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம்கூட நாளொன்றுக்கு ஓரிரு நொடி முன்னே பின்னே போகலாம். இரண்டு சர்வர்களின் நேரம் ஒத்துப்போகவில்லை என்றால், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பதிவுகளை வைத்துச் சொல்ல முடியாது. பணம் முதலில் போனதா, கணக்கு முதலில் முடக்கப்பட்டதா? மிரட்டல் செய்தி முதலில் வந்ததா, புகார் முதலில் போனதா? ஆகவே நம்பகமான ஓர் இடத்திலிருந்து சரியான நேரத்தை அடிக்கடி யாராவது கொண்டுவந்து தர வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனுக்கும் இதே சிக்கல் இருந்தது. கிரீனிச் வானாய்வகம் விண்மீன்களை நோக்கித் துல்லியமான நேரத்தைக் கணக்கிட்டது. கப்பல்களுக்குக் கடிகாரம் செய்பவர்களுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது. வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஹென்றி பெல்வில் 1836இல் ஒரு சேவையைத் தொடங்கினார். தன்னிடமிருந்த ஜான் ஆர்னால்டு தயாரிப்பான பாக்கெட் கடிகாரத்தைக் கிரீனிச் நேரத்தோடு ஒப்பிட்டு, வண்டியில் எடுத்துப்போய்ச் சுமார் 200 வாடிக்கையாளர்களுக்குக் காட்டினார்.

1856இல் அவர் இறந்தார். மகள் ரூத்துக்கு அப்போது இரண்டு வயது. மனைவி மரியா வானாய்வகத்தின் அனுமதியோடு அதே கடிகாரத்தைக் கையில் எடுத்தார். 36 ஆண்டுகள் லண்டன் தெருக்களில் நேரத்தைச் சுமந்து, அந்த வருமானத்தில் மகளை வளர்த்தார். 1892இல் மரியா ஓய்ந்தபோது ரூத் தொடர்ந்தார்.

ரூத் வாரந்தோறும் கிரீனிச்சுக்குப் போவார். கடிகாரத்துக்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயர் ‘ஆர்னால்டு’. அலுவலர் அதை வானாய்வகக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு வித்தியாசம் என்று சான்றிதழ் தருவார். அதோடு ரூத் நகரத்துக்குள் கிளம்புவார். பணம் கட்டியவர்கள் அவர் கையிலிருக்கும் ஆர்னால்டைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

தந்திக் கம்பி வழியாக நேரக் குறிப்பு அனுப்புவது 1850களிலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் ரூத்தின் தொழில் படுக்கவில்லை. இது சிலருக்கு உறுத்தியது. 1908இல், கம்பி வழியே நேரம் விற்ற ஸ்டாண்டர்ட் டைம் கம்பெனியின் இயக்குநர் செயின்ட் ஜான் வின் ஒரு கூட்டத்தில் பேசினார். ரூத்தின் முறை பழசு என்று கேலி செய்ததோடு நில்லாமல், பெண் என்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது என்ற பொருள்படவும் பேசினார். ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அந்தப் பேச்சை வெளியிட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. “பொண்ணுன்னா வைவால மார்க் போட்டுடுவாங்க” என்று கல்லூரியில் கேட்காத பெண் நம்மில் யார்? வேலைக்கு வந்தால் அதுவே அப்ரைசல் நேரத்துப் பேச்சாகிறது. ஆர்னால்டு எத்தனை நொடி தப்பு என்று வின் கேட்டிருக்கலாம். அதற்கான விடை ஒவ்வொரு வாரமும் சான்றிதழில் எழுதப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் வேலையை அளக்க வழி இருக்கும்போதும் அவளை அளப்பதே ஆண்களுக்கு எளிதாக இருக்கிறது.

செய்தி வெளியானதும் நிருபர்கள் ரூத்தைத் தேடி வந்தார்கள். வின் எதிர்பார்த்ததற்கு மாறாக, அவருடைய வியாபாரம் கூடியது. 1924இல் பிபிசி வானொலியில் நேர ஒலிக்குறிப்பு வந்தது. 1936இல் தொலைபேசியில் பேசும் கடிகாரம் வந்தது. அதுவரை நேரம் கேட்டு அழைத்தவர்களுக்கு எக்சேஞ்சில் இருந்த பெண்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் பேசியதும் ஒரு பெண்ணின் குரலில்தான். போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொலைபேசி ஆபரேட்டர் எத்தல் கெய்னின் குரல் அது. அதற்குப் பிறகும் ரூத் நடந்துகொண்டிருந்தார். போர்க்கால லண்டன் ஆபத்தாகிவிட்ட 1940இல், 86 வயதில்தான் நிறுத்தினார். 1943 டிசம்பரில் இறந்தார்.

இப்போது என் சர்வருக்கு வருகிறேன். என்டிபியில் நேரம் அடுக்கடுக்காக இறங்குகிறது. அணுக்கடிகாரம் பூச்சிய அடுக்கு. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் முதல் அடுக்கு, அதைக் கேட்பது இரண்டாம் அடுக்கு. ரூத்தையும் இதில் வைத்துப் பார்க்கலாம். விண்மீன்கள் பூச்சியம், வானாய்வகம் ஒன்று, ஆர்னால்டு இரண்டு, கடைக்காரரின் கடிகாரம் மூன்று.

என் சர்வர் நேரம் கேட்கும்போது நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன: கேள்வி கிளம்பியது, அங்கே சேர்ந்தது, பதில் கிளம்பியது, இங்கே வந்தது. போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆனது என்று எடுத்துக்கொண்டு, வழியில் கழிந்ததையும் கடிகாரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தையும் மென்பொருள் கணக்கிடுகிறது. சிறிய வித்தியாசம் என்றால் கடிகாரத்தைத் தடாலென்று மாற்றாமல், கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரிசெய்கிறது. பிறகு சில நிமிடங்களில் மறுபடி கேட்கிறது. ஒருமுறை சரிசெய்தோம், முடிந்தது என்று எப்போதும் ஆவதில்லை.

பாத்திரம் கழுவும் எவருக்கும் இது புரியும். ஒழுங்காக நடக்கும்வரை கண்ணில் படாது, ஒரு நாள் நின்றால்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டிலும் சர்வர் அறையிலும் இத்தகைய வேலைக்குப் பராமரிப்பு என்று பெயர். பராமரிப்பவர்களுக்கு வரலாற்றில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. கடிகாரம் செய்த ஆர்னால்டின் பெயர் கடிகாரத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை 84 ஆண்டுகள் தெருத்தெருவாகச் சுமந்த தாயையும் மகளையும் நாம்தான் தேடிப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு என்டிபி சொல்லிக்கொடுக்கும்போது நான் இப்போதெல்லாம் மரியாவிலிருந்துதான் தொடங்குகிறேன். நான்கு நேரக்குறிப்புகளும் அதன்பிறகு எளிதாகவே புரிந்துவிடுகின்றன.