ராயல் கொழும்பு குழிப்பந்தாட்டக் கழகம்

ராயல் கொழும்பு குழிப்பந்தாட்டக் கழகம் (கோல்ஃப் கழகம்) இலங்கையின் கொழும்பு நகரில் உள்ளது. இதன் 18 குழித் திடலை ஊடறுத்துத் தொடருந்துப் பாதை ஒன்று செல்கிறது.

1879 இல் தொடங்கப்பட்ட இக்கழகத்தினர் முதலில் காலிமுகத் திடலில் ஆடினர். 1896 இல் இன்றைய இடத்துக்கு மாறினர். ஆளுநர் சர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரால் இது ரிட்ஜ்வே திடல் எனப்படுகிறது.

களனிவெளிப் பாதையில் அவிசாவளை வரை தொடருந்து ஓடத் தொடங்கியது 1902 இல். அதாவது, திடல் பாதையைவிட மூத்தது. குறுகிய பாதையாக இருந்த இது 1990களில் அகலப்பாதையாக்கப்பட்டது. தொடருந்து வரும்போது ஆட்டக்காரர்கள் பந்தடிப்பதை நிறுத்திக் காத்திருப்பர்.

இசுக்கொட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு பழைய திடலில் 17 ஆம் குழியை ஒட்டிய சாலையும் ஆடுகளத்தின் பகுதியே; அங்கு விழும் பந்தைக் கிடந்தபடியே அடிக்க வேண்டும். வண்டிகள் ஓடும் தண்டவாளத்தில் நின்று அவ்வாறு அடிப்பது ஆபத்தானது.