யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்றொழில் ஒழுங்குவிதிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்றொழில் ஒழுங்குவிதிகள் என்பன, குடாநாட்டையும் அதன் தீவுகளையும் சூழ்ந்த கடலிலும் கடனீரேரிகளிலும் விற்பனைக்காக மீன்பிடிப்பதை நெறிப்படுத்தும் இலங்கைச் சட்டங்கள், வர்த்தமானி அறிவித்தல்கள், அனுமதி நிபந்தனைகள் ஆகியவற்றின் தொகுதியாகும். இவற்றின் அடிப்படைச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம். பிரித்தானியர் காலம் முதல் தனித்தனியாகக் கிடந்த பல சட்டங்களை அது ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ஆயினும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகள் பல வர்த்தமானிகளில் சிதறிக் கிடப்பதும், கடலோரத்தின் மீது வேறு திணைக்களங்களுக்கும் அதிகாரம் இருப்பதும், நீண்ட போர்க்காலத்தில் பாதுகாப்புக் கட்டளைகளே சட்டத்தின் இடத்தைப் பிடித்திருந்ததும் குடாநாட்டில் இவ்விதிகளின் நடைமுறையைச் சிக்கலாக்கின.

கடற்பரப்பும் தொழில்முறைகளும்

குடாநாட்டின் வடக்கே பாக்கு நீரிணையும் மேற்கிலும் தென்மேற்கிலும் பாக்கு விரிகுடாவும் கிழக்கே வங்காள விரிகுடாவும் அமைந்துள்ளன. தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரி குடாநாட்டைப் பெருநிலப்பரப்பிலிருந்து பிரிக்கிறது. உள்ளே தொண்டைமானாற்றின் வழியாகக் கடலோடு இணையும் வடமராட்சிக் கடனீரேரி கிடக்கிறது. 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல் வலயங்கள் சட்டம் பாக்கு நீரிணையிலும் பாக்கு விரிகுடாவிலும் உள்ள இலங்கைப் பகுதியை வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொண்டு, அதை உள்நாட்டு நீர்ப்பரப்பின் பகுதியாக்கியது.

இந்த நீர்ப்பரப்புகள் ஒவ்வொன்றிலும் தொழில் வேறுபடும். வடமராட்சிக் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளில் வழிவலைத் தொழில் நடக்கிறது. வடமராட்சி கிழக்கின் நீண்ட மணற்கரையில் கரைவலை முக்கியமானது. அங்கு வலை வளைக்கும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். வலைக்கு உரியவர் ‘சம்மாட்டி’. குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவகம் ஆகிய பகுதிகளில் நண்டு, இறால், கடலட்டை, சங்கு, கணவாய் ஆகியவற்றை நாடும் ஆழமற்ற கடற்றொழில் நிலவுகிறது. பலநாட் படகுகள் தென்னிலங்கைத் துறைமுகங்களோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. எனவே சிறு படகுகளையும் கரையோரத்தையும் தொடும் விதிகளே இங்கு அன்றாட வாழ்வைப் பாதிக்கின்றன.

1996க்கு முந்திய சட்டங்கள்

வட கடலில் அரசின் முதற் கவனம் உணவு மீனைவிடச் சங்கிலும் முத்திலும் இருந்தது. வங்காளத்தில் வளையல் அறுப்பதற்காக ஏற்றுமதியான சங்கு அரசுக்கு வருவாய் தந்த பொருள். சங்கு குளிப்பை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தும் சட்டம் 1890இல் வந்தது. முத்துக் குளிப்புக்குத் தனிச் சட்டம் இருந்தது.

மீன்பிடியை முழுமையாகத் தழுவிய முதற் சட்டம் 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழில் கட்டளைச் சட்டம். அடுத்த ஆண்டில் கடற்றொழில் திணைக்களம் நிறுவப்பட்டது. இக்கட்டளைச் சட்டத்தின்கீழ் இடத்துக்கு இடம், தொழிலுக்குத் தொழில் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குபடுத்தல் சட்டம் தனியாக நின்றது. இன்றும் தனியாகவே நிற்கிறது.

போர்க்காலக் கட்டுப்பாடுகள்

1980களின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டுக் கடலில் கடற்றொழில் சட்டத்தை விடப் பாதுகாப்புக் கட்டளைகளே பெரிதாக ஆட்சி செய்தன. கடலுக்குச் செல்லும் நேரம், செல்லக்கூடிய தூரம், இயந்திரத்தின் குதிரைவலு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்டன; சில காலங்களில் தொழில் முற்றாகத் தடைப்பட்டது. நாட்டின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி 1990இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது; 2017 ஜூலையிலேயே மக்களிடம் மீண்டது. போருக்கு முன்னர் யாழ் மாவட்டம் நாட்டின் மொத்த மீன் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்துவந்தது.

2002 பெப்ரவரி 23 முதல் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்த உடன்படிக்கை மீன்பிடிக்கெனத் தனிச் சரத்தொன்றைக் கொண்டிருந்தது. 90 நாட்களுக்குள் பகல், இரவுத் தொழில் மீதான தடைகள் படிப்படியாக நீக்கப்பட வேண்டும் என்றும், கரையோரப் படைமுகாம்களுக்கு இருபுறமும் கரை நெடுக 1 கடல் மைலுக்கும் கடல் நோக்கி 2 கடல் மைலுக்கும் உட்பட்ட பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்றும் அது கூறியது. துறைமுகங்களும் அவற்றின் நுழைவாய்களும் விலக்கப்பட்டிருந்தன. குடாநாட்டின் கரை எங்கும் முகாம்கள் இருந்ததால் விலக்குகள் போக எஞ்சிய கடல் குறுகியதாகவே இருந்தது. போர் மீண்டும் மூண்டபோது, கடலுக்குச் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறும் ‘பாஸ்’ நடைமுறை உள்ளிட்ட கட்டுப்பாடுகள் இறுகின. 2009இல் போர் முடிந்த பிறகே அவை படிப்படியாகத் தளர்ந்தன.

1996ஆம் ஆண்டுச் சட்டம்

புதிய சட்டம் 1996 ஜனவரியில் நிறைவேறியபோது குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்து மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்திருந்தனர்; யாழ் நகரை இராணுவம் கைப்பற்றி ஒரு மாதமே ஆகியிருந்தது. நாட்டின் ஏனைய கரைகளில் அச்சட்டம் உடனே நடைமுறைக்கு வந்தது. குடாநாட்டில் அதன் முழு நடைமுறை பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

பழைய கடற்றொழில், சங்கு, முத்துக் குளிப்புச் சட்டங்களை நீக்கி அது அவற்றின் பொருளை ஒன்றாக்கியது. அதன் முக்கிய ஏற்பாடுகள் வருமாறு:

அனுமதிப்பத்திரம்: விதித்துரைக்கப்பட்ட மீன்பிடி முறை எதையும் அனுமதிப்பத்திரம் இன்றிச் செய்யக் கூடாது. அனுமதி தொழில்முறைக்கு உரியது. நண்டு வலைக்குப் பெற்ற பத்திரத்தை வைத்துக்கொண்டு சுருக்குவலை வளைக்க முடியாது.

படகுப் பதிவு: ஒவ்வொரு உள்ளூர்ப் படகும் பதிவு செய்யப்பட வேண்டும். படகின் வகையையும் மாவட்டத்தையும் குறிக்கும் எழுத்துகளோடு கூடிய இலக்கம் படகின் பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எரிபொருள் நிவாரணம், இழப்பீடு போன்றவற்றுக்கும் இந்த இலக்கமே ஆதாரமாகக் கேட்கப்படுகிறது.

வளப் பாதுகாப்பு: வெடி, நஞ்சு ஆகியவற்றால் மீன்பிடிப்பது தடை. தடைசெய்யப்பட்ட வலைகள், பிடிக்கக் கூடாத இனங்கள், மூடிய பருவங்கள், மீன்வள ஒதுக்கிடங்கள் ஆகியவற்றை அமைச்சர் ஒழுங்குவிதிகளால் குறிக்கலாம்.

முகாமைத்துவப் பகுதிகளும் குழுக்களும்: ஒரு நீர்ப்பரப்பை மீன்பிடி முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து, அங்கு தொழில் செய்வோரைக் கொண்ட குழுவிடம் முகாமைத்துவப் பொறுப்பின் ஒரு பகுதியை ஒப்படைக்கலாம்.

நீருயிரினச் செய்கை: இறால், கடலட்டை முதலியவற்றை வளர்ப்பதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பிணக்குத் தீர்வு: இடம், வலை, முறை குறித்த சச்சரவுகளைத் திணைக்களம் விசாரித்து இணக்கத்துக்குக் கொண்டுவர வழியுண்டு.

சட்டம் ஒன்றானாலும் விதிகள் ஒன்றாகவில்லை. பழைய கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்ட விதிகள் பலவற்றை அது தொடரவிட்டது. 1984ஆம் ஆண்டின் கரைவலை விதிகள் அவ்வாறு நிலைத்தன. மேலும் 2000, 2004, 2006, 2013, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தச் சட்டங்கள் வந்தன. இவற்றில் 2013, 2015 ஆண்டுத் திருத்தங்கள் ஆழ்கடல் தொழிலைப் பற்றியவை. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு விதித்த இறக்குமதித் தடை இச்சீர்திருத்தத்துக்கு மேலும் உந்துகோலானது. 2016இல் தடை நீங்கியது.

தடைசெய்யப்பட்ட முறைகளும் இனங்களும்

1996 நவம்பரில் வெளியான மீன்பிடி நடவடிக்கைகள் ஒழுங்குவிதிகள், தள்ளுவலை, பவளப் பாறைகளின் மேல் விரிக்கும் செவுள்வலை, கடற்பாலூட்டிகளை எறியீட்டியால் பிடித்தல் முதலியவற்றைத் தடுத்தன. தங்கூசி வலை எனப்படும் ஒற்றையிழை நைலோன் வலை பின்னர் தடைப்பட்டது. நீரில் கண்ணுக்குத் தெரியாத அந்த வலை விலை குறைந்தது. கிழிந்தால் கடலிலேயே விடப்பட்டு மீனைத் தொடர்ந்து கொல்லும். சுருக்குவலைக்கு வலைக்கண் அளவு, கரையிலிருந்து தூரம் முதலிய நிபந்தனைகள் உண்டு. ஒளி பாய்ச்சி மீன்பிடித்தல் வடக்கில் தொடர்ந்து எதிர்ப்பைச் சந்திக்கும் முறைகளில் ஒன்று.

சங்கில் குறுக்களவு 70 மில்லிமீற்றருக்குக் குறைந்ததைக் கைப்பற்றவும் ஏற்றுமதி செய்யவும் தடை உண்டு. கடலட்டை பிடிக்கவும் சங்கு குளிக்கவும் சுழியோடிக்கும் படகுக்கும் அனுமதி வேண்டும். அனுமதி மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் வழங்கப்படுவதால் உள்ளூர் எதிர்ப்பு எழுவதுண்டு. 2018இல் வடமராட்சி கிழக்கில் வெளிமாவட்டக் கடலட்டைத் தொழிலாளருக்கு எதிராக நடந்த போராட்டங்கள் இதற்கு எடுத்துக்காட்டு.

இழுவைமடித் தடை

குடாநாட்டைப் பொறுத்தவரை 1996க்குப் பின் வந்த திருத்தங்களில் முக்கியமானது 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். இலங்கை நீர்ப்பரப்பில் இழுவைமடித் தொழிலை அது முற்றாகத் தடை செய்தது. அப்போதைய யாழ் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்த இது 2017 ஜூலை 6இல் நிறைவேறியது. மீறுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரையான சிறையும் 50,000 ரூபா தண்டமும் விதிக்கப்படலாம்.

இழுவைமடியின் வாயை இரு பலகைகள் விரித்துப் பிடிக்க, அடிக்கயிற்றின் சங்கிலி கடலடியை வாரிச் செல்கிறது. பாக்கு விரிகுடாவின் ஆழமற்ற அடித்தளத்தில் கடற்புல்லும் இறால் குஞ்சும் நண்டுச் சினையும் ஒருங்கே வாரப்படுகின்றன. மாலையில் விரித்து விடியலில் எடுக்கும் வழிவலைகளும் இழுவைப் படகின் பாதையில் சிக்கி அறுந்துபோகின்றன. ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் முதலீடு முழுதும் இழக்கப்படலாம் என்பதால் வட மாகாணச் சங்கங்கள் தடையை ஆதரித்தன. குருநகர் போன்ற இடங்களில் உள்ளூர் இழுவைப் படகுகளை நம்பியிருந்தோருக்குத் தடை வாழ்வாதாரச் சிக்கலானது. அவர்களுக்கு மாற்றுத்தொழில் ஏற்பாடு போதிய அளவில் அமையாததால் உள்ளூரில் தடையின் அமலாக்கம் தளர்வாகவே இருந்துவந்தது.

தமிழ்நாட்டு இழுவைப் படகுகளின் வருகை தனிச் சட்டத்தின்கீழ் வருகிறது. 1974, 1976 உடன்படிக்கைகள் இந்தியாவுக்கும் இலங்கைக்குமான கடலெல்லையை வரைந்தன. 1979ஆம் ஆண்டு வெளிநாட்டுப் படகுகள் சட்டத்தைத் திருத்திய 2018ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தண்டப்பணத்தைப் படகின் நீளத்துக்கேற்ப 50 இலட்சம் ரூபாவிலிருந்து 17.5 கோடி ரூபா வரை உயர்த்தியது. கைதாகும் படகுகளின் வழக்குகள் ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நீதவான் நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுகின்றன.

சங்கங்களும் வழக்காறும்

எழுதிய சட்டத்துக்கு அடியில் ஊர் வழக்கு ஒன்று இயங்குகிறது. ஒவ்வொரு கரையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. சங்கங்கள் சமாசங்களாகவும், சமாசங்கள் மாவட்டச் சம்மேளனமாகவும் இணைகின்றன. கடனீரேரியில் சிறகுவலை இந்த ஊர் வழக்குக்கு நல்ல சான்று. தடிகளை நட்டு இரு சிறகுகளாக வலை கட்டி, வற்று நீரோடு வரும் இறாலை அடைப்புக்குள் செலுத்தும் முறை அது. நீரோட்டம் எங்கும் ஒன்றுபோல இராததால் எந்த இடம் யாருக்கு என்பதே கேள்வி. சங்கங்கள் இடங்களைப் பங்கிட்டு முறைவைக்கின்றன. படகு போகும் வாய்க்காலை மறிக்கக் கூடாது என்பதும் அங்கு ஊர்க் கட்டுப்பாடு. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் கரைகளில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் உண்டு. கரைவலைப் பாடுகளின் உரிமையும் முறையும் இவ்வாறே வழக்கிலிருந்து வந்தவை. 1984ஆம் ஆண்டு விதிகள் அவற்றுக்கு எழுத்து வடிவம் தந்தன. வலையை உழவு இயந்திரத்தால் இழுப்பது, ஆள்வலுவால் இழுத்துவந்த தொழிலாளரின் பங்கைப் பறிப்பதால் புதிய சச்சரவானது.

அதிகாரங்களின் மோதல்

ஒரே கரையில் பல அதிகாரங்கள் செயற்படுகின்றன. மீன்பிடி அனுமதியைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களமும், பண்ணை வளர்ப்பைத் தேசிய நீரியல் வள அபிவிருத்தி அதிகார சபையும் கவனிக்கின்றன. கரைநிலம் பிரதேச செயலகத்தையும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் சார்ந்தது. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டதால் அங்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் சட்டமும் பொருந்தும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆட்புலக் கடலுக்குள்ளான மீன்பிடியை மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் வைத்தது; நடைமுறையில் முடிவுகள் மத்தியிலேயே எடுக்கப்படுகின்றன.

இந்த மோதல் கடலட்டைப் பண்ணைகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020களின் தொடக்கத்தில் தீவகம் முதல் பூநகரிக் கரை வரை வலையால் அடைத்த பண்ணைகள் பெருகின. ஏற்றுமதி வருவாய் கருதி அமைச்சு ஊக்குவித்தது. ஆழமற்ற கடலில் நண்டும் இறாலும் பிடித்தவர்கள் தங்கள் தொழிலிடமும் படகுப் பாதையும் மறிக்கப்படுவதாக எதிர்த்தனர். பண்ணை அனுமதி ஒரு நிறுவனத்திடமும் மீன்பிடி அனுமதி இன்னொன்றிடமும் இருந்ததால், ஒரே நீர்ப்பரப்பில் இரு உரிமைகள் மோதின.

மறுசீரமைப்பு முயற்சி

1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமொன்றைக் கொண்டுவரும் வரைவு 2023–24 காலத்தில் கடற்றொழிலாளர் அமைப்புகளிடையே விவாதிக்கப்பட்டது. திருத்தங்களை ஒன்று சேர்ப்பதும் பன்னாட்டுக் கடப்பாடுகளுக்கு இசைவதும் அதன் நோக்கங்கள். வெளிநாட்டு முதலீட்டுப் படகுகளுக்கு அது வழிதிறக்கலாம், சிறு தொழிலாளரின் இடவுரிமை அதில் போதிய அளவு காக்கப்படவில்லை என்று வடக்கின் சங்கங்கள் ஆட்சேபித்தன; கலந்தாலோசனை போதாது என்பதும் அவர்கள் குறை.

குடாநாட்டின் அனுபவத்தில் தெளிவான விதி என்பதற்கு மூன்று தேவைகள் உள்ளன. செல்லுபடியாகும் விதிகள் எவை, நீங்கியவை எவை என்று தமிழில் ஒரே தொகுப்பில் கிடைக்க வேண்டும். கடனீரேரி, பாக்கு விரிகுடா, கிழக்குக் கரை ஆகிய ஒவ்வொன்றிலும் பண்ணைக்கும் வலைக்கும் படகுப் பாதைக்கும் உரிய பரப்புகள் வரைபடத்தில் பிரிக்கப்பட வேண்டும். சங்கங்கள் ஏற்கெனவே செய்துவரும் இடப்பங்கீட்டுக்குச் சட்ட வலு வேண்டும். மூன்றாவதற்கு வேண்டிய அடிப்படை, முகாமைத்துவப் பகுதிகள், குழுக்கள் என்ற பெயரில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.