நவம்பர் 9: பெற்றோரைக் கேட்ட நாள்

சென்ற மாதம் ஆம்பூர் வீட்டில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மகனின் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு தாள் கிடைத்தது. பள்ளிக்குக் கொடுத்த சம்மதக் கடிதத்தின் ஜெராக்ஸ். என் விருப்பத்தின் பேரில்தான் மகனை அனுப்புகிறேன் என்கிற மாதிரி நாலு வரி, கீழே அக்காவின் கையெழுத்து, 2021 ஜனவரி தேதி. எதையும் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். பட்டாவில் ஒருமுறை அடிபட்டவர்கள்.

நான் தொழிலுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஒரு செயலியை நிறுவும்போது "ஐ அக்ரீ" என்று ஒரு பெட்டி வரும், யாரும் படிக்காமல் டிக் அடிப்போம். அந்தப் பெட்டி எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்பதற்காக. இந்தத் தாளைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சில மாதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நடந்து சில வருடம்தான் ஆகிறது, அதற்குள் நம்மில் பாதிப் பேருக்கு வரிசை மறந்துவிட்டது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ். செப்டம்பர் கடைசியில், 10 முதல் 12 வரை படிப்பவர்கள் விருப்பப்பட்டால் அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வந்து சந்தேகம் கேட்டுப் போகலாம் என்று அரசாணை வந்தது. சில நாளில் அதையும் நிறுத்தி வைத்தார்கள். அக்டோபர் 31 அன்று, 9 முதல் 12 வரை நவம்பர் 16 முதல் திறப்போம் என்றார்கள். அது தீபாவளிக்கு மறுநாளின் மறுநாள். எதிர்ப்பு கிளம்பியதும், நவம்பர் 9 திங்கட்கிழமை எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்து கேட்போம், வர முடியாதவர்கள் கடிதமாக எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு.

சட்டென்று கடந்து போக வேண்டிய விஷயம் இல்லை இது. தமிழ்நாட்டில் எந்த வருடம் பள்ளி எப்போது திறக்கும் என்று பெற்றோரை யாராவது கேட்டிருக்கிறார்களா? கோடை வெயிலுக்காக ஒரு வாரம் தள்ளி வைப்பதைக்கூடத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

அக்கா ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருக்கிறாள். கூட்டம் காலையில். லீவு போட்டால் அன்றைய கூலியோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். அதனால் ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் போனேன். மைதானத்தில் வேப்ப மரத்தடியில் தள்ளித் தள்ளி நாற்காலி. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல மாமா, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர். தாய்மார்கள் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கே போனாலும் ஷூ கம்பெனி லைனில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர்களை எங்கே தேடுவது?

இந்த ஊருக்கு இன்னொரு முரண்பாடு உண்டு. 2020 மே மாதத்திலேயே கட்டுப்பாடுகளோடு தொழிற்சாலைகள் திறக்க ஆரம்பித்துவிட்டன. ஏற்றுமதி ஆர்டர் காத்திருக்காது. கம்பெனி பஸ்ஸில் போய், லைனில் வேலை செய்து, சாயந்திரம் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்குத் திரும்பும் தாயிடம்தான் "உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் தொற்று வருமோ என்று பயப்படுகிறீர்களா?" என்று கேட்டோம். பிள்ளை வெளியே போகாவிட்டாலும் வெளி அவன் வீட்டுக்குள் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

இதே வாதத்தை நூறு வருடம் முன்னால் ஒருவர் வைத்திருக்கிறார். 1918 இன்ஃப்ளூயன்சாவின்போது அமெரிக்க நகரங்கள் பெரும்பாலும் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் நியூ ஹேவனும் மூடவில்லை. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் சொன்ன காரணம்: நகரத்துக் குழந்தைகள் சுமார் 10 லட்சம் பேரில் ஏழரை லட்சம் பேர் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்கிறார்கள், அதைவிடப் பள்ளிக்கூடம் சுத்தம், அங்கே தினமும் பார்க்க நர்ஸும் உண்டு. சிகாகோவிலும் பள்ளி திறந்தே இருந்தது, ஆனால் பெற்றோர் அனுப்பவில்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்த அதிகாரிகள் அந்தப் பயத்துக்கு "ஃப்ளூஃபோபியா" என்று ஒரு பெயர் வைத்தார்கள். பெற்றோரின் பயத்தைக் கேட்பதைவிட அதற்குப் பெயர் வைப்பது சுலபம்.

(அதே 1918 ஆகஸ்டில்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த வருடக் கடைசியில் இன்ஃப்ளூயன்சாவின் பெரிய அலை இந்தியாவை அடித்தது. அந்த முதல் வகுப்புப் பெண்களின் அப்பா அம்மா என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன்.)

சிகாகோவில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1937இல் போலியோவுக்காகப் பள்ளி திறப்பைத் தள்ளிப் போட்டபோது, 3 முதல் 8 வரை படிக்கும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் நடத்தினார்கள். பாடக் குறிப்பு செய்தித்தாளில் வரும். ரேடியோ இல்லாத வீடும், இருந்தும் சரியாக எடுக்காத வீடும் விடுபட்டுப் போயின. நமக்குக் கல்வித் தொலைக்காட்சி, அரசு கேபிளில் 200ஆம் எண். சிகாகோவில் அது மூன்று வாரத்தில் முடிந்தது. இங்கே எங்கள் தெருவின் ஒன்றாம் வகுப்புக் குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகுதான் முதன்முதலாகப் பள்ளி பெஞ்சைப் பார்த்தது.

சரி, நவம்பர் 9க்கு வருவோம். கூட்டத்தில் எல்லார் வாயிலும் ஆந்திராதான். அங்கே நவம்பர் 2 அன்று பள்ளிகளைத் திறந்தார்கள். மூன்று நாளில் 262 மாணவர்களுக்கும் சுமார் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று என்று செய்தி. வந்த மாணவர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம், அதில் இது 0.1 சதவீதம்கூட இல்லை என்றார் அந்த மாநில அதிகாரி. கணக்கு சரிதான். ஆனால் பேரணாம்பட்டிலிருந்து மலை ஏறி இறங்கினால் ஆந்திரா, இங்கே பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கிறது. அவர்கள் காதில் சதவீதம் விழவில்லை, 262 விழுந்தது. தமிழ்நாட்டில் அப்போது தினமும் 2,000க்கு மேல் புதுத் தொற்று வேறு.

நவம்பர் 12 அன்று பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள். ஜனவரி 6 முதல் 8 வரை மறுபடி கருத்துக் கேட்பு. இந்த முறை திறக்கலாம் என்பது முடிவு. ஜனவரி 19 முதல் 10, 12 வகுப்புகள், ஓர் அறைக்கு 25 பேர், வைட்டமின், ஜிங்க் மாத்திரை, வருகை கட்டாயமில்லை, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். அதுதான் நோட்டுக்குள் கிடைத்த தாள்.

அக்கா நவம்பரில் வேண்டாம் என்று எழுதியவள், ஜனவரியில் சரி என்று கையெழுத்துப் போட்டாள். இரண்டுக்கும் நடுவில் தினசரித் தொற்று 1,000க்குக் கீழே இறங்கியிருந்தது, பொதுத்தேர்வு பயம் ஏறியிருந்தது. அதையெல்லாம் யோசித்துத்தான் மாற்றினாயா என்று கேட்டேன். "அப்போ தெருவுல எல்லாரும் வேணாம்னாங்க, இப்போ எல்லாரும் அனுப்பறாங்க. நான் மட்டும் இன்னா தனியா கண்டுபுடிக்கப் போறேன்?" என்றாள். ஆய்வுக் கட்டுரைகளில் நான் படித்த எதையும்விட இது நேர்மையான பதில் என்று எனக்குத் தோன்றியது.

எதிர் வீட்டில் ஒரு பெண், அப்போது பதினொன்றாம் வகுப்பு. அம்மா வீட்டிலேயே ஷூ அப்பர் தைப்பவர், ஜோடிக் கணக்கில் கூலி. ஊரடங்கில் மகளும் ஊசியைப் பிடித்தாள். 2020 அக்டோபரில் ஒரு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். "ஸ்கூலு தொறந்தா அனுப்பறேன் தம்பி, சும்மாதானே கீறா" என்றார் அம்மா. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தார். பிப்ரவரி 8 அன்று 9, 11 வகுப்புகள் திறந்தபோது நாலு மாதச் சம்பளம் வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. சீட்டுக் கட்டுகிறார்கள், நடுவில் விட முடியாது. பள்ளிக்கு அனுப்பத்தான் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கம்பெனிக்கு அனுப்ப யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25 அன்று 9, 10, 11 எல்லாம் தேர்வில்லாமல் பாஸ் என்று முதல்வர் பழனிசாமி அறிவித்தார். எங்கள் வீட்டுப் பையனுக்குக் கொண்டாட்டம். எதிர் வீட்டுப் பெண் அந்த வருடம் ஒருநாள்கூட வகுப்பில் உட்காராமல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள், பதிவேட்டில். மார்ச் 22 முதல் அந்த வகுப்புகளை மறுபடி மூடினார்கள். பிறகு இரண்டாம் அலை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அந்த அலைக்குப் பிறகு வந்த எண்கள் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேருக்கும் எதிர்ப்பான் இருந்தது. அந்த வயதுக்குத் தடுப்பூசியே வரவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு மேல் பள்ளிப் பக்கம் போகவும் இல்லை. வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினோம் என்று நினைத்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தொற்று வந்து போய்விட்டது. இன்னொன்று, ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா குழுவினர் ஏழைக் குடும்பங்களில் சுமார் 1,400 பிள்ளைகளைப் பற்றி எடுத்து 2021 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம், படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். பள்ளியைத் திறக்கச் சொன்ன பெற்றோர் 97 சதவீதம்.

இதை வைத்து நவம்பர் 9 அன்று வேண்டாம் என்றவர்கள் தப்பு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்தது 262 என்ற எண்தான். என் வருத்தம் கேட்ட விதத்தில். அனுப்புவாயா, மாட்டாயா என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிட்டார்கள். பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் எத்தனை போன், மதியம் என்ன சாப்பிடுகிறான், வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டானா என்று அதே தாளில் இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால், எதிர் வீட்டுப் பெண்ணின் பெயர் யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை மீண்டும் திறந்தது, நவம்பர் 1 முதல் சின்ன வகுப்புகளும். எதிர் வீட்டுப் பெண் பத்து நாள் போனாள். பாடம் புரியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டாள். அடுத்த மே மாதப் பொதுத்தேர்வை அவள் எழுதவில்லை. அவள் தம்பி, இல்லம் தேடிக் கல்வி வந்த பிறகு சாயந்திரங்களில் தெருமுனையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். இப்போது எட்டாம் வகுப்பு.

ஜெராக்ஸை அக்காவிடம் காட்டினேன். நவம்பரில் என் கையில் கொடுத்த கடிதத்தில் காரணம் எதையும் அவள் எழுதவில்லை என்பது ஞாபகம் வந்து, ஏன் என்று கேட்டேன். டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"இன்னா எழுதறது? கம்பெனியில லீவு கெடைக்கல, அதால நேர்ல வர முடியலன்னு எழுதட்டுமா?"